பழைய வீட்டுப் பலகைத் தரைக்கு இன்சுலேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ, குரோய்டன் போன்ற பகுதிகளில் நம்மவர்கள் வாங்கிக் குடியேறியுள்ள வரிசை வீடுகளில் பல, விக்டோரியா மகாராணி காலத்திலோ அதற்கடுத்த சில பத்தாண்டுகளிலோ கட்டப்பட்டவை. அவற்றின் கீழ்த்தளம் மண்ணின் மேல் நேரடியாக அமர்ந்திருப்பதில்லை. மரச்சட்டங்களின் மேல் பலகை அடித்து, கீழே வெற்றிடம் விட்டுக் கட்டப்பட்டிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்து, பண்டிகை நாட்களில் தரையில் பாய் விரித்து உட்காரும் நமக்கு அந்தத் தரையின் குளிர் சற்றுக் கூடுதலாகவே தெரிகிறது. அத்தகைய தரைக்கு வெப்பக் காப்பு, அதாவது இன்சுலேஷன், போடுவது குறித்து உறவினரும் அயலவரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், என் வீட்டில் அந்த வேலையைச் செய்து முடித்த அனுபவத்தையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் விதிகள் தனி.

என் வீட்டுத் தரை பலகைத் தரைதானா என்பதை எப்படி அறிவது?

குதிகாலால் தரையைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் பறை போல எதிரொலிக்கும். கான்கிரீட் என்றால் மொத்தென்று நின்றுவிடும். அடுத்து வெளியே போய் முன்சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரைமட்டத்துக்குச் சற்று மேலே, துளைகள் கொண்ட செங்கல்லோ வார்ப்பிரும்புச் சல்லடையோ தெரிந்தால் அதுதான் ஏர் பிரிக். உள்ளே பலகைத் தரை இருப்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒரே வீட்டில் முன்னறை பலகைத் தரையாகவும் சமையலறை கான்கிரீட்டாகவும் இருப்பது மிகச் சாதாரணம். ஆகவே ஒவ்வோர் அறையையும் தனித்தனியே தட்டிப் பார்க்க வேண்டும்.

பலகைக்கு அடியில் என்னதான் இருக்கிறது?

பலகைகளைத் தாங்குபவை ஜாய்ஸ்ட் எனப்படும் மரச்சட்டங்கள். பழைய வீடுகளில் இவை பெரும்பாலும் 4 அங்குல உயரமும் 2 அங்குலத் தடிப்பும் கொண்டவை. ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குச் சுமார் 400 மிமீ இடைவெளி இருக்கும். இவற்றின் முனைகள் சுவரில் செருகப்பட்டோ, சுவரை ஒட்டிய மரக்கட்டையின் மேல் அமர்ந்தோ இருக்கும். நடுவில் தொய்ந்துவிடாமலிருக்க, குட்டையான செங்கற்சுவர்கள் கீழே கட்டப்பட்டிருக்கும். காற்று ஊடே போய்வருவதற்காக அச்சுவர்களில் செங்கற்களுக்கு இடையே வேண்டுமென்றே சந்து விட்டிருப்பார்கள். அதற்கும் கீழே மண். மிகப் பழைய வீடுகளில் அது வெறும் மண்தான். கான்கிரீட் பூச்செல்லாம் பின்னால் வந்தது.

குளிர்காற்று ஏர் பிரிக் வழியாகத்தானே வருகிறது? அதை அடைத்துவிட்டால் போதாதா?

இந்தக் கேள்விதான் மிக அதிகமாக வருகிறது. தவறான விடையும் இதற்குத்தான் மிக அதிகமாகச் சொல்லப்படுகிறது. அடைக்கவே கூடாது.

மண்ணிலிருந்து ஈரம் ஓயாமல் ஆவியாக எழுந்துகொண்டிருக்கிறது. முன்சுவர் துளையில் நுழையும் காற்று வெற்றிடத்தைக் கடந்து பின்சுவர் துளையில் வெளியேறும்போது அந்த ஈரத்தையும் கூடவே எடுத்துப் போகிறது. நூறு ஆண்டுக்கு மேலாக அந்த மரம் இற்றுப்போகாமல் நிற்பதற்குக் காரணம் இந்தக் காற்றோட்டம்தான். அதை நிறுத்தினால் ஜாய்ஸ்டின் ஈர அளவு ஏறத் தொடங்கும். மரத்தின் ஈரம் அதன் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சைக்கு அது போதும். அதிலும் டிரை ராட் எனப்படும் பூஞ்சை செங்கல், காரை என எதையும் ஊடுருவி, ஈரம் இல்லாத மரத்தையும் தேடிப் போய்ப் பற்றக்கூடியது. அது ஒரு வீட்டில் பரவிவிட்டால் ஆகும் செலவு, எத்தனையோ குளிர்காலங்களின் எரிவாயுக் கட்டணத்துக்குச் சமம்.

எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு ஏர் பிரிக்குகளுக்குள் யாரோ மஞ்சள் நுரையைப் பீய்ச்சி அடைத்திருந்தார்கள். ஜன்னலோரப் பலகை ஒன்றைக் கிளப்பியபோது பழஞ்சாக்கைப் போல ஒரு நெடி அடித்தது. சுவரோர ஜாய்ஸ்டின் முனையில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். அவித்த கிழங்கில் இறங்குவது போல அது ஒரு விரற்கடை உள்ளே போயிற்று. அதே சட்டத்தின் நடுப்பகுதியோ கல் போல உறுதியாக இருந்தது. காற்று வராத மூலையில்தான் மரம் கெட்டிருந்தது.

ஆகவே குளிர்காற்றைத் தடுக்க வேண்டிய இடம் வெளிச்சுவர் அல்ல. பலகைகளின் இடுக்கும், சுவரின் அடியோரமாக அடித்திருக்கும் ஸ்கர்ட்டிங் பலகைக்கு அடியில் உள்ள சந்தும்தான். வெற்றிடம் வெளிக்காற்றோடு சேர்ந்தே இருக்கட்டும். அறையை மட்டும் அதிலிருந்து பிரியுங்கள். கீழே வரும் எல்லா விடைகளும் இந்த ஒரு விஷயத்தைச் சார்ந்தவையே.

காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

காற்றடிக்கும் நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஸ்கர்ட்டிங்கின் அடியோரமாக மெல்ல நகர்த்துங்கள். நேராக எழும் புகை எங்கே சட்டென்று அறைக்குள் சாய்கிறதோ அங்கே சந்து இருக்கிறது. ரேடியேட்டர் குழாய் தரைக்குள் இறங்கும் துளை, பழைய கணப்படுப்பின் கல்லோரம், மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். மாடிப்படி அலமாரியின் தரையில் யாரும் கம்பளம் போடுவதில்லை என்பதால், பெரும்பாலும் அங்கேதான் மிகப் பெரிய சந்து காத்திருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில் வெளிப்புறம். வீட்டின் முன்தோட்டத்தைச் சமப்படுத்திக் காருக்கு இடம் செய்யும்போது கல் பதிப்பவர்கள் தரையை உயர்த்திவிடுவது வழக்கம். அதனால் ஏர் பிரிக் பாதி புதைந்துபோகும். மழைநீர் அதன் வழியே உள்ளே வடியும். ஈரத்தடுப்பு அடுக்கு வெளித்தரையிலிருந்து குறைந்தது 150 மிமீ மேலே இருக்க வேண்டும் என்பது பொதுவான கட்டுமான நடைமுறை. பழைய வீடுகளில் அந்த அடுக்கு பெரும்பாலும் சிலேட்டுக் கல். சுவரின் அடியில் மற்றவற்றைவிடத் தடிப்பான காரைக் கோடாக அது தெரியும். தரை அதற்கு மேலே ஏறியிருந்தால், இன்சுலேஷனைப் பற்றி யோசிப்பதற்கு முன் அந்தக் கற்களைத் தாழ்த்த வேண்டும்.

அடுத்து பின்புறம். நம்மவர் வீடுகளில் சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டாத வீடு அரிது. அந்த நீட்டிப்பின் தரை கான்கிரீட்டாக இருந்தால், பழைய பின்சுவரின் ஏர் பிரிக்குகளை அது மூடியிருக்கும். முறையாகக் கட்டியவர் கான்கிரீட்டுக்கு அடியில் குழாய் பதித்து, வெற்றிடத்தின் காற்றைப் புதிய பின்சுவர் வரை கொண்டுபோயிருப்பார். அவசரத்தில் கட்டியவர் அதை விட்டிருப்பார். முன்னால் நுழையும் காற்றுக்கு வெளியேறும் வழியே இருக்காது. பின்சுவரில் ஒரு ஏர் பிரிக்கும் கண்ணில் படவில்லை என்றால் கட்டிடக்காரரை அழைத்து இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

காற்றுவழி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அரசின் கட்டிட வழிகாட்டுதலில் கணக்கு இருக்கிறது: வெளிச்சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 1,500 சதுர மிமீ திறப்பு, அல்லது தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 500 சதுர மிமீ திறப்பு, இவ்விரண்டில் எது அதிகமோ அது. பழைய களிமண் ஏர் பிரிக் பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் அதன் துளைகள் உள்நோக்கிக் குறுகிச் செல்வதால் உண்மையான திறப்பு மிகக் குறைவு. அதே அளவுள்ள பிளாஸ்டிக் ஏர் பிரிக் பல மடங்கு காற்றை விடும். இன்சுலேஷனின் அடிப்பரப்புக்கும் கீழே உள்ள மண்ணுக்கும் இடையே குறைந்தது 150 மிமீ வெற்றிடம் வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் உள்ளது. ஆகவே கீழே கிடக்கும் உடைந்த செங்கல், காரை, பழைய மரத்துண்டுகளை அள்ளி வெளியே போடுங்கள். எங்கள் வீட்டில் ஒரே அறையிலிருந்து பதினான்கு மூட்டை வந்தது.

கடைசியாக மரம். ஒவ்வொரு ஜாய்ஸ்டின் இரு முனைகளையும் கூரான கருவியால் குத்திப் பாருங்கள். ஈரமானி கிடைத்தால் அளவெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன முனையை வெட்டி, நல்ல சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் போல்ட் போட்டு இணைக்கலாம். ஈரத்தின் காரணத்தைத் தீர்க்காமல் மரத்தை மட்டும் மாற்றினால் சில ஆண்டுகளில் அதே இடத்தை மறுபடியும் திறக்க நேரும்.

எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது?

ஜாய்ஸ்டுகளுக்கு இடையே வைப்பதற்கு, வளைந்து கொடுத்து இடத்தை நிரப்பக்கூடியதும் நீராவியை ஊடே விடக்கூடியதுமான பொருளே என் தேர்வு. பாறைக் கம்பளி, கண்ணாடிக் கம்பளி, மரநார்ப் பட்டை, ஆட்டு ரோமம் ஆகிய நான்கும் இந்த வகை. இவற்றில் முதல் இரண்டும் மலிவு. மரநாரும் ரோமமும் விலை கூடியவை என்றாலும், ஈரத்தைச் சிறிதளவு வாங்கிவைத்துத் திரும்ப விடுவதால் பழைய மரத்துக்கு ஒத்துப்போகின்றன. கையாளும்போது தோலும் அரிக்காது.

மஞ்சள் நிறத்தில் தகடு ஒட்டி விற்கப்படும் பிஐஆர் என்னும் விறைப்பான நுரைப் பலகை ஒரே தடிப்பில் கம்பளியைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். காகிதத்தில் அது சரிதான். ஆனால் நூறாண்டு பழைய ஜாய்ஸ்டுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதில்லை. ஒரு முனையில் 350 மிமீ, மறுமுனையில் 362 என்று இருக்கும். விறைப்பான பலகையை அந்த இடைவெளியில் சந்தில்லாமல் பொருத்துவது பெரும்பாடு. விட்ட சந்தில் காற்று புகுந்தால் அந்தக் கூடுதல் திறன் வீண்.

நுரையைப் பீய்ச்சி அடிக்கிறார்களே, அது எப்படி?

பலகைகளைக் கிளப்பாமல் வேலை முடிந்துவிடும் என்பதால் அது கவர்ச்சியாகத் தெரிகிறது. என் கருத்து எதிரானது. நுரை ஜாய்ஸ்டின் பக்கங்களில் ஒட்டிப் பிடித்துக்கொள்வதால் பிற்காலத்தில் மரத்தைப் பார்க்கவோ குழாயைத் தொடவோ முடியாது. ஒருமுறை ஒட்டியதைப் பிரித்தெடுப்பதும் கடினம். வீட்டை விற்கும்போது, நுரை அடித்த மரவேலையைக் கண்டு கடன் தரத் தயங்கும் வங்கிகளும் உள்ளன. கூரை விஷயத்தில் இது நன்கு தெரிந்த தொல்லை.

வேலை எந்த வரிசையில் நடக்கும்?

அறையைக் காலிசெய்து ஸ்கர்ட்டிங்கைக் கழற்ற வேண்டும். பிறகு பலகைகளைக் கிளப்ப வேண்டும். ஒவ்வொரு பலகையின் பின்புறமும் சாக்கட்டியால் எண் எழுதிவைத்தால் திரும்ப அடிக்கும்போது மூளை குழம்பாது. ஒன்றன் விளிம்பு அடுத்ததன் காடிக்குள் செருகிய பலகைகளாக இருந்தால் முதல் பலகையைத் தியாகம் செய்தே ஆக வேண்டும். வெறும் விளிம்புப் பலகைகள் எளிதாக எழும். கடப்பாரையை ஆணிக்கு மிக அருகில் கொடுத்து நெம்பினால் பிளவு குறையும். அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்துப் பைன் பலகையின் இழை நெருக்கம் இன்றைய கடைப் பலகையில் கிடைப்பதில்லை.

அடுத்து, காற்றைத் தடுத்து நீராவியை மட்டும் விடும் மென்படலத்தை ஜாய்ஸ்டுகளின் மேலாக விரித்து, ஒவ்வோர் இடைவெளியிலும் தொட்டில் போலத் தொங்கவிட்டு, சட்டத்தின் பக்கவாட்டில் ஸ்டேப்பிள் அடிக்க வேண்டும். தொட்டிலின் ஆழம் சட்டத்தின் உயரத்துக்குச் சமமாக இருப்பது நல்லது. பலரும் இங்கே பிளாஸ்டிக் வலையைப் போடுகிறார்கள். வலை கம்பளியைத் தாங்கும். ஆனால் வெற்றிடத்தில் ஓடும் காற்று கம்பளிக்குள் புகுந்து வெப்பத்தைக் கொண்டுபோவதை அது தடுக்காது. மென்படலம் இரண்டையும் செய்கிறது.

கம்பளியை இடைவெளியைவிட 5 முதல் 10 மிமீ அகலமாக வெட்டி, இறுக்கமாக அமர்த்துங்கள். அதன் மேற்பரப்பு பலகையின் அடியைத் தொட்டிருக்க வேண்டும். இடையில் ஒரு விரல் சந்து இருந்தாலும் அதில் குளிர்காற்று ஓடி, கீழே உள்ள கம்பளியைப் பயனற்றதாக்கிவிடும். கடைசி ஜாய்ஸ்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையாத அளவுக்கு ஒரு குறுகிய இடம் இருக்கும். வேலையாட்கள் அதைத்தான் விட்டுவிடுவார்கள். அறையிலேயே மிகக் குளிர்ந்த ஓரமும் அதுதான். கம்பளியைத் துண்டுகளாகக் கிழித்து அங்கே செருகச் சொல்லி, செருகுவதை நின்று பாருங்கள்.

அதற்கு மேல் இன்னொரு படலம் வருகிறது. ஈரத்துக்கேற்ப, தான் நீராவியை விடும் அளவை மாற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்த இப்படலத்தை அறை முழுவதும் விரித்து, மூட்டுகளுக்கு அதற்குரிய டேப் ஒட்டி, ஓரங்களைச் சுவரில் ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னால் ஏற்றி ஒட்ட வேண்டும். அறைக்குள் வரும் காற்றை நிறுத்துவது உண்மையில் இந்தப் படலம்தான். பிறகு பலகைகளை எண் வரிசையில் திரும்ப வைத்து, ஆணிக்குப் பதில் திருகாணி போட்டால் அடுத்த முறை திறப்பது எளிது.

வீட்டுக்கு அடியில் நிலவறை இருக்கிறது. பலகையைக் கிளப்பத்தான் வேண்டுமா?

வேண்டாம். கீழேயிருந்தே கம்பளியைச் செருகி, மென்படலத்தால் மூடி, மரப்பட்டி அடித்துவிடலாம். நிலவறைப் படியின் கதவோரங்களையும் அடைக்க மறக்காதீர்கள்.

குழாய்கள், மின்கம்பிகள் என்னாகும்?

இன்சுலேஷன் போட்ட பிறகு வெற்றிடம் முன்பைவிடக் குளிரும், ஏனென்றால் அறையிலிருந்து கசிந்த வெப்பம் இனி அங்கே போகாது. ஆகவே வெற்றிடத்தில் ஓடும் தண்ணீர்க் குழாய்களுக்கும் ரேடியேட்டர் குழாய்களுக்கும் உறை போட வேண்டும். இல்லையேல் கடுங்குளிரில் உறைந்து வெடிக்கலாம். மின்கம்பியைக் கம்பளி சூழ்ந்தால் அது சூடு விட முடியாமல் அதன் தாங்குதிறன் குறையும்; அடுப்புக்கும் ஷவருக்கும் போகும் தடித்த கம்பிகளை மின்பணியாளர் பார்த்த பிறகே மூட வேண்டும். பாலிஸ்டைரீன் நுரைப் பலகை மின்கம்பியின் பிவிசி உறையைத் தொட்டுக்கொண்டிருந்தால் காலப்போக்கில் உறையைக் கெடுக்கும். ஆகவே இரண்டையும் விலக்கி வையுங்கள்.

அறையைச் சூடாக்கும் எரிவாயுக் கணப்படுப்பு உள்ள இடமானால் இன்னொரு கவனம் தேவை. அந்த அடுப்பு எரியத் தேவையான காற்றில் ஒரு பங்கைத் தரையின் இடுக்குகளிலிருந்தே பெற்றுக்கொண்டிருக்கக்கூடும். இடுக்குகளை அடைக்குமுன் எரிவாயு வேலைக்கான கேஸ் சேஃப் பதிவு பெற்றவரை அழைத்துக் காட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் இருக்கட்டும்.

இதனால் எவ்வளவு பணம் மிச்சமாகும்?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. ஒரு கணக்கைப் பாருங்கள். இருபுறமும் வீடுகள் ஒட்டிய, 40 சதுர மீட்டர் தரை கொண்ட வரிசை வீடு. காப்பில்லாத தரையின் யு-மதிப்பு (ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வழியே கசியும் வெப்பம், வாட்டில்) 0.55 என்றும், 100 மிமீ கம்பளிக்குப் பிறகு 0.25 என்றும் வைத்துக்கொள்வோம். உள்ளே 19 டிகிரி, வெளியே 5 டிகிரி என்றால் மிச்சமாகும் வெப்பம் 168 வாட். ஒரு நாளைக்கு 4 யூனிட். பாய்லரில் வீணாவதையும் சேர்த்து, எரிவாயு யூனிட் 6 பென்ஸ் என்று பார்த்தால் ஒரு குளிர்நாளுக்கு 27 பென்ஸ். குளிர்காலம் முழுவதற்கும் ஏறத்தாழ 40 பவுண்டு. காற்றுக் கசிவு நின்றதால் வரும் மிச்சம் இதற்கு மேல். வரிசையின் கடைசி வீட்டுக்கும் தனி வீட்டுக்கும் வெளிச்சுவர் அதிகம் என்பதால் தொகை கூடும்.

பணத்துக்காக மட்டும் என்றால் கூரைக்கு முதலில் போடுங்கள். ஆனால் கால் சில்லிடாதபோது அறையின் தெர்மோஸ்டாட்டைக் கூட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தவழும் குழந்தையும், முழங்கால் வலியோடு தரையில் அமரும் பெரியவரும் உள்ள வீட்டில் இதன் பயன் முதல் குளிர்காலத்திலேயே தெரியும்.

எல்லாவற்றையும் செய்ய வசதியில்லை. இடுக்குகளை மட்டும் அடைத்தால் பயனுண்டா?

நிச்சயமாக உண்டு. பலகைகளின் நடுவே மெல்லிய மரச்சீவலைப் பசை தடவி இறக்கலாம். ஸ்கர்ட்டிங்கின் அடியில் வளைந்து கொடுக்கும் சீலன்ட் பூசலாம். கம்பளமும் அதற்கு அடியில் தடித்த விரிப்பும் சேர்ந்தால் கால் உணரும் குளிரில் பெரும்பகுதி போய்விடும். சில நூறு பவுண்டில் முடியும் இந்த வேலையை முதல் குளிர்காலத்தில் செய்துவிட்டு, தரையைத் திறக்க வேறு காரணம் வரும்போது கம்பளியையும் போடுவது புத்திசாலித்தனமான வழி.

அனுமதி தேவையா? வரிச் சலுகை உண்டா?

ஒரு தரையின் பாதிக்கு மேற்பட்ட பரப்பைப் புதுப்பித்தால் அதன் யு-மதிப்பை, செய்யக்கூடிய அளவுக்கு, 0.25-க்குக் கொண்டுவர வேண்டும் என்பது இங்கிலாந்தின் கட்டிட விதி. ஆகவே தொடங்குமுன் கவுன்சிலின் பில்டிங் கண்ட்ரோல் பிரிவுக்குத் தெரிவியுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டிடப் பட்டியலில் உள்ள வீடானால் தனி ஒப்புதலும் தேவைப்படலாம். ஒப்பந்தக்காரர் பொருளும் கூலியுமாகச் செய்து தரும் வீட்டு இன்சுலேஷன் வேலைக்கு 2027 மார்ச் 31 வரை மதிப்புக் கூட்டு வரி சுழியம். நீங்களே கடையில் வாங்கிச் செய்தால் அந்தச் சலுகை இல்லை. விலைப்பட்டியலில் 20 விழுக்காடு வரி சேர்த்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தரையைத் திறக்கும்போது உடல்நலத்துக்கு ஆபத்தானவை ஏதும் இருக்குமா?

பழைய வினைல் ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனில் அது முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999-இல்தான். சந்தேகம் வந்தால் உடைக்காமல் ஒரு மாதிரியைச் சோதனைக்கு அனுப்புங்கள். பலகையோரப் பழம்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்வாகத் தேய்க்க வேண்டாம். கார்ன்வால், டெவன், டார்பிஷயர் போன்ற இடங்களில் மண்ணிலிருந்து கதிரியக்கமுள்ள ராடான் வாயு அதிகமாக எழுகிறது. அங்கே தரைக்கடிக் காற்றோட்டம் மரத்துக்கு மட்டுமல்ல, நுரையீரலுக்கும் காவல்.

வேலை முடிந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

வெற்றிடம் குளிர்ந்திருப்பதால், கோடையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளே வரும்போது அதன் ஈரப்பதம் ஏறும். ஆகவே குளிர்காலத்தைவிடக் கோடை முடிவில் பார்ப்பதே சரி. சுவரோரமாக ஒரு பலகையைத் திருகாணியோடு கழற்றக்கூடியதாக விட்டுவையுங்கள். எங்கள் வீட்டில் அது சோபாவுக்குப் பின்னால், பழுதுபார்த்த ஜாய்ஸ்ட் முனைக்கு நேர் மேலே இருக்கிறது. படலத்தில் வெட்டிவைத்த மடிப்பைத் தூக்கி, ஆண்டுக்கு ஒருமுறை செப்டம்பரில் ஈரமானியை மரத்தில் குத்தி, வரும் எண்ணைப் பலகையின் அடிப்புறத்திலேயே பென்சிலால் எழுதிவைக்கிறேன். கடைசியாக எழுதிய எண் 16.